திருட்டே நடக்காத வாரம்

திருட்டை ஒழிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திருடனைப் பிடிப்பது. அதற்கு ஓட வேண்டும். மற்றொன்று, திருட்டுப் போனது என்று வருகிறவனை விரட்டுவது. அதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம். சிக்கமாரப்பள்ளி போலீஸ் ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் உட்காருவதில் கெட்டிக்காரர்.

சிக்கமாரப்பள்ளி ஓசூருக்கு வடக்கே, எல்லையை ஒட்டிய ஊர். ஊருக்கு வடபுறம் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். ஓடைத் தண்ணீருக்கே தெரியாத இந்த எல்லை மாட்டுத் திருடர்களுக்கு மட்டும் அத்துபடி. பொங்கல் வந்தால் ஜனங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு என்றும், எருது விடுகிற விழாவுக்கு என்றும் கிளம்பிப் போய்விடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் அண்டாவோ ஆடோ மாடோ ஓடையைத் தாண்டியிருக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பொங்கலுக்கு மேலிடத்தில் யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது. பண்டிகையில் ஒரு திருட்டும் நடக்காத ஸ்டேஷனுக்கு வெள்ளிக் கேடயம் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அந்தச் செய்தி வந்ததும் நம் சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் சுவரில் ஒரு ஆணி அடித்து, கேடயம் மாட்ட இடம் தயார் செய்தார். அதற்குப் பிறகுதான் திருட்டைப் பற்றி யோசித்தார்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் 'பண்டிகைப் பாதுகாப்பு வாரம்' தொடங்கியது. பாதுகாப்புக் கமிட்டித் தலைவராக கோவிந்தப்பன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரே தம்மைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார், சப்-இன்ஸ்பெக்டர் கைதட்டினார். கோவிந்தப்பனுக்கு ஓடைக் கரை வரைக்கும் நிலம். அவருடைய மாட்டுக் கொட்டகையில் வருஷம் முழுவதும் புதுப்புது மாடுகள் வரும், போகும். எங்கிருந்து வருகின்றன என்று கேட்டவர்கள் அடுத்த பண்டிகைக்குத் தங்கள் மாட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் யாரும் கேட்பதில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் மாலையைக் கழற்றாமலே பேசினார்.

"பொதுமக்களே! திருட்டு ஏன் நடக்கிறது? பொருள் இருப்பதால் நடக்கிறது. பொருளை வைத்திருப்பது யார்? நீங்கள். ஆகவே திருட்டுக்கு மூல காரணம் யார் என்பதை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் போலீஸ் உங்களை மன்னித்து, உங்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க முன்வந்திருக்கிறது."

ஜனங்கள் தங்களை மன்னித்ததற்காகக் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த திம்மராயனும் தட்டினான். அவனுக்கு ஓடையோரம் கொஞ்சம் ராகிக் காடு. குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கிவந்த ஒரு ஜோடி எருது. சிவப்பாக இருந்தவனுக்குக் கெம்பன் என்று பெயர், வெள்ளைக்கு பிளியன். அறுத்துப் போட்ட ராகி களத்தில் கிடந்தது. பண்டிகை முடிந்ததும் எருதுகளைத் தாம்புக் கயிற்றில் பிணைத்து, கதிர்மேல் சுற்றவிட்டு மிதிக்க வேண்டும். அந்த ஜோடி இல்லாவிட்டால் ராகி இல்லை, ராகி இல்லாவிட்டால் களி இல்லை. திம்மராயன் வீட்டுப் பொருளாதாரம் அவ்வளவுதான்.

பாதுகாப்பு நடவடிக்கைகளில் முதலாவது, மாட்டு மணி.

"இருட்டில் மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று திருடனுக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். "மணிச் சத்தத்தால்! மாட்டு மணி என்பது மாட்டுக்காரன் திருடனுக்கு அடிக்கும் தந்தி. இன்று மாலைக்குள் ஊரில் உள்ள மணிகள் எல்லாம் ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும்."

திம்மராயன் எழுந்தான். அவன் வம்புக்காரன் இல்லை. புரியவில்லை, அதனால் கேட்டான்.

"சாமி, மாட்டை எவனாச்சும் அவுத்தா மணி அடிக்கும். அடிச்சாத்தானே எங்களுக்குத் தெரியும்?"

"தெரிந்து என்ன செய்வாய்?"

"எழுந்து தடி எடுத்துக்கினு ஓடியாருவேன் சாமி."

"பார்த்தீர்களா!" என்று சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "சட்டத்தைக் கையில் எடுக்கிறேன் என்று இவனே ஒப்புக்கொள்கிறான். தடி எடுப்பதும் ஓடிவருவதும் எங்கள் வேலை. நீ படுத்துத் தூங்கு. அதுதான் குடிமகன் கடமை."

கோவிந்தப்பன் முதல் ஆளாகத் தம் மாடுகளின் மணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஊரே பார்த்து மெச்சியது. அவருடைய மாடுகளுக்கு மணி எதற்கு? எந்தத் திருடன் தன் வீட்டிலேயே திருடுவான்?

திம்மராயன் வீட்டில்தான் சிக்கல். அவன் மனைவி முனிலட்சுமி பகலில் மணியை ஆணியில் மாட்டி வைத்திருப்பாள். பொழுது சாய்ந்ததும் ஊறவைத்த கொள்ளைத் தொட்டியில் கொட்டி, மணியை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். எருதுகள் எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் தாமாகவே வந்து தொட்டியில் வாய் வைக்கும். அவை தின்னும்போதே மணியைக் கழுத்தில் கட்டிவிடுவாள். கெம்பனுடைய மணி வெண்கல மணி, விளிம்பில் சில்லு பெயர்ந்தது. அதன் ஓசை மற்ற மணிகளைப்போல் கணீரென்று இருக்காது. லொட்டு லொட்டென்று இருக்கும்.

"மணி இல்லாம எப்பிடிக் கூப்புடுறது?" என்று மணியை வாங்க வந்த ஏட்டு கங்கப்பனைக் கேட்டாள்.

"வாயால கூப்புடு தாயி."

"நீங்க கூப்புட்டா வருமா ஏட்டய்யா? நீங்க கூப்புட்டாத் திருடனே வரமாட்டேங்கறான்."

கங்கப்பன் சிரித்துக்கொண்டே மணிகளை வாங்கிப் போனார். அவர் நல்ல மனுஷர்தான். காக்கிச் சட்டைக்குள் போட்டுவிட்டால் நல்ல மனுஷர் எதற்கும் உதவ மாட்டார். அந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு, ஊர் மாடுகளை எல்லாம் ஊர்வலம் விட்டார்கள். ஒரு மணிச் சத்தம் கிடையாது. எழவு வீட்டிலிருந்து கிளம்பியது போல் போயின.

அடுத்தது நாய்கள். ரோந்து போன போலீஸ்காரர்களைப் பார்த்துத் தெரு நாய்கள் குரைத்தன. ரோந்து கம்பீரமாக இல்லை என்று சப்-இன்ஸ்பெக்டருக்கு வருத்தம். சீருடையைப் பார்த்துக் குரைப்பது அரசாங்க ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தடுக்கும் குற்றம் என்று கண்டுபிடித்தார். நாய்களை ஒரு கட்டை வண்டியில் கூண்டு கட்டி ஏற்றி ஓடைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அவை அந்தக் கரையில் நின்று விடாமல் குரைத்தன. அந்தப் பக்கத்துத் திருடர்களுக்கு அங்கே பிழைப்பு நடக்கவில்லை. இந்தப் பக்கம் வரவேண்டியதாயிற்று.

மூன்றாவது நடவடிக்கைதான் சப்-இன்ஸ்பெக்டர் தம் மூளையைக் கசக்கிக் கண்டது. வெளியூர் போகிறவர்கள் முன்கூட்டியே ஸ்டேஷனில் வந்து சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்த வீட்டுக்குக் காவல் போடப்படும். அது மட்டுமில்லை. ஊர் ஜனங்களும் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, இன்னார் வீட்டில் இன்று ஆள் இல்லை என்று தண்டோரா போடப்படும். இது எல்லை ஊர். எல்லாருக்கும் விளங்க வேண்டாமா? ஆகவே தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை.

முனிலட்சுமியின் அண்ணன் பேரிகை என்கிற ஊரில் இருந்தான். அவன் மகளுக்குக் காது குத்துக் கல்யாணம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வைத்திருந்தான். மற்ற சொந்தக்காரர் வீட்டு விசேஷமென்றால் எப்போதும் திம்மராயன் மட்டும் தலையைக் காட்டிவிட்டு வருவான். அவள் மாட்டோடு இருப்பாள். இது அவளுடைய அண்ணன் வீடு. அத்தைக்காரி இல்லாமல் எப்படிக் காது குத்துவார்கள்? இருவரும் ஸ்டேஷனில் போய்ச் சொன்னார்கள்.

"தாராளமாகப் போய்வாருங்கள்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "உன் வீட்டுக்கு ஏட்டையே காவல் போடுகிறேன். மந்திரி வீட்டுக்குக்கூட இந்தப் பாதுகாப்புக் கிடையாது."

காலையில் அவர்கள் கிளம்பியபோது தண்டோரா போடுகிற முனிவேல் தெருமுனையில் நின்று பறையைத் தட்டினான். "இதனால் சகலமான பேர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்! ஓடையோரத்துத் திம்மராயன் வீட்டில் இன்று பொழுது சாயும்வரைக்கும் ஆள் இல்லை! வீட்டின் பின்னால் கொட்டகையில் எருது ரெண்டு கட்டியிருக்குது!" பிறகு கன்னடம், தெலுங்கு. தன் பெயர் மூன்று பாஷையில் முழங்கியதைக் கேட்டு திம்மராயனுக்கு உடம்பு புல்லரித்தது. இப்படியும் ஒரு பேதை. போலீஸ் தன்னை ஒரு பொருட்டாக மதித்துவிட்டதாம்.

பொழுது சாயத் திரும்பி வந்தார்கள். வீட்டு வாசலில் ஏட்டு கங்கப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பூட்டு போட்டபடி இருந்தது. முனிலட்சுமி கொள்ளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். போனவள் கத்தினாள்.

கொட்டகையில் பிளியன் மட்டும் நின்றது. கெம்பன் கட்டியிருந்த முளையில் அறுத்த கயிறு தொங்கியது.

"ஏட்டய்யா! நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"இங்கியேதான் இருந்தேன். எழுந்திரிக்கவேயில்ல. பூட்டைப் பாரு, யாரும் தொடல."

"மாடு?"

"எனக்கு வாசல் டூட்டிப்பா. மாட்டுக் கொட்டகையைப் பத்தி எஸ்.ஐ. அய்யா ஒண்ணும் சொல்லல." கங்கப்பன் கொஞ்சம் யோசித்தார். "மத்தியானம் ஒருத்தன் சந்துல ஒரு செவப்பு எருதை ஓட்டிக்கினு வந்தான். காவல் போட்ட வீட்டுகிட்ட என்னடா வேலை, சீக்கிரம் போடான்னு விரட்டினேன். பயந்துபோய் ஓடியே போயிட்டான்."

எருதின் குளம்படி ஓடை வரைக்கும் இருந்தது. கங்கப்பன் அதைப் பார்த்துக்கொண்டே போய் தண்ணீர் நடுவில் நின்றுவிட்டார். அக்கரை மணலில் அதே குளம்படி தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச தூரம் போய், வளைந்து, மறுபடி ஓடையில் இறங்கி, கோவிந்தப்பன் நிலத்துப் பக்கமாக ஏறியிருந்தது.

"அங்க பாருங்க ஏட்டய்யா, திரும்பி வந்துக்கிது!"

"அது மைசூர் அடி. நான் பாக்கக்கூடாது," என்று கங்கப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திம்மராயன் ஸ்டேஷனுக்கு ஓடினான். சப்-இன்ஸ்பெக்டரும் கோவிந்தப்பனும் எதிரெதிரே உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். கேடயத்துக்கு இன்னும் ஒரே ஒரு நாள்.

"சாமி, என் எருது திருட்டுப் போயிடுச்சு!"

சப்-இன்ஸ்பெக்டர் சக்கையைத் துப்பினார். "அந்த வார்த்தையை இங்கே உபயோகிக்கக் கூடாது. மாடு இடம் மாறியிருக்கிறது. உன் எருதுக்கு என்ன அடையாளம்?"

"செவப்பா இருக்கும் சாமி. கழுத்துல மணி... மணி நீங்க வாங்கிக்கினீங்க."

"ஆக, மணி இல்லை. மணி இல்லாத சிவப்பு மாடு இந்தத் தாலுகாவில் எத்தனையோ இருக்கிறது. நீயே எங்களால் அடையாளம் காண முடியாதபடி உன் மாட்டை வெளியே விட்டிருக்கிறாய். போலீஸைத் திசைதிருப்பும் முயற்சியாகக்கூட இதை எடுத்துக்கொள்ளலாம்."

"காவல் போட்டீங்களே சாமி?"

"காவல் போட்டும் ஒரு பொருள் காணாமல் போகுமென்றால், அந்தப் பொருள் ஆதியிலேயே அங்கே இருந்திருக்காது. இதுதான் தர்க்கம்."

கோவிந்தப்பன் குரலைத் தணித்துப் பேசினார். "இந்தா திம்மராயா, நாளைக்கு ஜில்லாவிலிருந்து பெரிய தொரை வராரு. ஊருக்கே வெள்ளிக் கேடயம் கிடைக்கப் போவுது. ஒரு மாட்டுக்காக ஊர் மானத்தை வாங்கறியா? உனக்கு இன்னொண்ணு இருக்குதில்ல?"

ஜோடியில் ஒன்றைப் பறிகொடுத்தவனிடம் இன்னொன்று இருக்கிறது என்று சொல்கிற வாயை என்ன செய்வது? கரும்புச் சாறு ஒழுக ஒழுக அந்த வாய் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. திம்மராயனுக்குக் குமட்டக்கூடத் தெரியவில்லை. சரி சாமி என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் நிறைவு விழா. பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு, 'திருட்டற்ற சிக்கமாரப்பள்ளி உங்களை வரவேற்கிறது' என்று துணி கட்டியிருந்தார்கள். கிராமத்துக்கு வருகிற பெரிய அதிகாரியைக் கிராமத்து முறையில் அழைத்து வர வேண்டும் என்பது கோவிந்தப்பனின் ஆசை. ஜில்லா சூப்பிரண்டை மெயின் ரோட்டில் ஜீப்பிலிருந்து இறக்கி, தம் வில் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வண்டியில் பூட்டியிருந்த இரண்டு எருதுக்கும் கொம்பில் பச்சையும் நீலமும் பளபளத்தன. உடம்பெல்லாம் மஞ்சளும் சுண்ணாம்புமாகக் கைத்தடம் பதித்திருந்தார்கள். மாடு என்ன நிறம் என்று அதைப் பெற்ற பசுவுக்கே தெரியாது. சூப்பிரண்டு இறங்கியதும் பந்தலின் ஓரத்தில் வண்டியை அப்படியே நிறுத்தினார்கள்.

ஊரில் எல்லாரும் வரவேண்டும் என்று உத்தரவு. திம்மராயனும் முனிலட்சுமியும் பந்தலின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் உருக்கமாகப் பேசினார். "மேன்மை தங்கிய சூப்பிரண்டு அவர்களே! இந்த வாரம் முழுவதும் இந்த ஸ்டேஷனில் ஒரு திருட்டுக்கூடப் பதிவாகவில்லை. பதிவாக வந்ததையும் நாங்கள் தடுத்தோம். இதைவிடப் பெரிய தடுப்பு நடவடிக்கை எங்கே உண்டு? திருடர்களுக்குத் துணை போன மணிகளை எல்லாம் கைப்பற்றினோம். இன்று தங்கள் பொற்கரத்தால் அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுகிறேன்."

ஏட்டு கங்கப்பன் மணிகளை ஒரு தாம்பாளத்தில் ஏந்தி நின்றார். சூப்பிரண்டு அதிலிருந்து ஒன்றை எடுத்தார். விளிம்பில் சில்லு பெயர்ந்த வெண்கல மணி.

"இந்தச் சின்ன மணிக்குள்தான் எவ்வளவு பெரிய ஆபத்து இருந்திருக்கிறது!" என்று சொல்லி, கூட்டம் பார்க்க உயரத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார்.

லொட்டு லொட்டு என்றது. பொழுது சாய்கிற நேரம். கொள்ளு வைக்கிற நேரம்.

வில் வண்டியில் இடப்புறம் பூட்டியிருந்த எருது காதை நிமிர்த்தியது. தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. அப்புறம் வண்டியையும் வலப்புறத்து எருதையும் இழுத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தது. ஜனங்கள் அலறி விலகினார்கள். வரவேற்புத் துணி கொம்பில் மாட்டிக் கிழிந்தது. நேரே மேடைக்கு வந்து சூப்பிரண்டின் கையிலிருந்த மணியை மோந்து பார்த்தது. தாம்பாளத்துக்குள் மூக்கை விட்டுத் தேடியது. கொள்ளு இல்லை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது.

"கெம்பா!" என்று கத்திக்கொண்டு முனிலட்சுமி ஓடிவந்தாள். அது அவள் மடியில் முகத்தைப் புதைத்து நக்க ஆரம்பித்தது. வாயில் ஒழுகிய எச்சிலில் முகத்து மஞ்சளும் சுண்ணாம்பும் கரைந்து, கீழே சிவப்பு தெரிந்தது.

"என் எருது சாமி! இதான் சாமி! மணிக்கு வந்துடுச்சு பாருங்க!" என்று திம்மராயன் சூப்பிரண்டின் காலில் விழுந்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கோவிந்தப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

இனிமேல் தப்பிக்க வழியில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டரின் மேதைமையை அவர்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள்.

"சார்!" என்று அவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "தங்கள் கண் முன்னாலேயே ஒரு திருட்டு முயற்சி நடந்திருக்கிறது. கமிட்டித் தலைவரின் வண்டியில் பூட்டியிருந்த எருதை, மணியடித்து மயக்கி வரவழைத்து, தன்னுடையது என்று சொல்கிறான் இவன். நேற்று ஸ்டேஷனுக்கே வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போனவன் சார்."

சூப்பிரண்டு குழம்பினார். "ஆனால் மணியை அடித்தது நான்தானே?"

"அங்கேதான் சார் இவனுடைய தந்திரம்! தங்களையே கருவியாக உபயோகித்திருக்கிறான்."

சூப்பிரண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு பெரிய அதிகாரியிடம் மாடு திருடுபோன கதையைச் சொன்னால் அவருக்குப் புரிவதில்லை. அவரையே ஒருவன் ஏமாற்றினான் என்றால் உடனே புரிந்துவிடுகிறது.

"ராஸ்கல்! உள்ளே தள்ளு!" என்றார்.

கங்கப்பன் திம்மராயன் தோளில் கை வைத்தார். "வாப்பா. பேசாத வா," என்று காதோடு சொன்னார். நல்ல மனுஷர் என்று நான் முதலிலேயே சொன்னேன். திம்மராயன் மனைவியையும் மாட்டையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அப்போதும் அவனுக்குப் புரியவில்லை.

திருட்டு நடந்திருந்தால் அது திருட்டு. நடக்கவிருந்ததைத் தடுத்தால் அது சாதனை. ஆகவே வெள்ளிக் கேடயம் சிக்கமாரப்பள்ளிக்கே கிடைத்தது, கூடுதலாக ஒரு பாராட்டோடு. ஆணி ஏற்கெனவே அடித்திருந்ததால் மாட்டுவதற்குச் சிரமமில்லை. எருதை அதன் சொந்தக்காரரான கோவிந்தப்பன் ஓட்டிப் போனார். மணி சாட்சியப் பொருள் என்பதால் ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது.

முனிலட்சுமி கோவிந்தப்பன் காலில் விழவில்லை, சப்-இன்ஸ்பெக்டரைக் கும்பிடவில்லை. கிழிந்து கிடந்த வரவேற்புத் துணியின்மேல் காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்த வாரத்தில் யாராவது உருப்படியாக ஏதாவது செய்தார்கள் என்றால் அது ஒன்றுதான்.

காலையில் அவள் பிளியனைத் தன் கட்டில் காலிலேயே கட்டிப்போட்டுவிட்டு, களத்தில் கிடந்த ராகியைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு ஸ்டேஷனுக்குக் களி கொண்டுபோக வேண்டும். தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டது. பாதுகாப்பு வாரம் முடிந்துவிட்டதே தவிர, உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. வீட்டில் ஆண்பிள்ளை இல்லாவிட்டால் ஊருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

"இதனால் சகலமான பேர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்!" என்று முனிவேல் தலையைக் குனிந்துகொண்டு கூவினான். "ஓடையோரத்துத் திம்மராயன் வீட்டில் ஆம்பளை இல்லை! பொம்பளை ஒண்டி! எருது ஒண்ணு கட்டியிருக்குது! ஊரார் ஒரு கண் வெச்சுக்கணும்!"

முனிலட்சுமி தடியைக் கீழே வைக்காமலே அவனைப் பார்த்தாள்.

"நல்லா ஒரக்கச் சொல்லுப்பா," என்றாள். "கோவிந்தப்பனாருக்குக் கேக்கலன்னா, பாவம், அவரு தனியா ஆளனுப்பிக் கேக்கணும்."

முனிவேல் மறுபடி பறையைத் தட்டினான். கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்வது பாக்கி இருந்தது. இரண்டையும் சொல்லி முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனான்.